இறுகிய தாடைக்காரன்

தொண்ணூறுகளின் நடுவில், பீன்யாவில் சுவிட்ச் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். ஜோகுபாளையத்திலிருந்து கம்பெனி பஸ். ஊரைக் குறுக்கே கடக்கும் அந்தப் பயணத்தில் தூங்காமல் வருகிறவர்கள் நாங்கள் நான்கு பெண்கள்தான். மாதாமாதம் ஒருத்தி முறைவைத்து அல்சூர் மார்க்கெட் பெட்டிக்கடையில் ஒரு மாத நாவல் வாங்கி வருவாள். ஒருத்தி முடிக்கும்வரை காத்திருக்கிற பொறுமை மற்றவர்களுக்குக் கிடையாது. அதனால் பஸ் நகர்ந்ததும் புத்தகத்தின் ஸ்டேப்ளர் பின்னைக் கழற்றி நாலு துண்டாக்கி ஆளுக்கொன்று எடுத்துக்கொள்வோம். கைக்கு எந்தத் துண்டு வருகிறதோ அதுதான் அவளுக்குக் கதையின் ஆரம்பம். கல்யாணத்தில் தொடங்கி முதல் சந்திப்பில் முடித்தவர்கள் நாங்கள்.

அப்படி ஒரு மாதம் நாலு துண்டானது என் நாவல். என்னுடைய முதல் நாவல், புனைபெயரில். அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. எல்லோரும் ஆகா ஓகோ என்று கொண்டாடி முடித்ததும், பீன்யாவில் இறங்கும்போது போகிற போக்கில் "அது நான்தான்" என்று சொல்வதாகத் திட்டம். அதற்காகவே நல்ல புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன்.

கதாநாயகன் ஊட்டியில் தேயிலைத் தோட்ட முதலாளி. பேசமாட்டான். ஒற்றைப் புருவத்தைத் தூக்குவான். காபி ஆறியிருந்தால் கோப்பையை விட்டெறிவான். பக்கத்துக்குப் பக்கம் அவன் தாடை இறுகும். கடைசி அத்தியாயத்தில் ஒரே ஒரு தடவை சிரிப்பான். அந்தச் சிரிப்புக்காகக் கதாநாயகி எல்லாவற்றையும் மன்னித்துவிடுவாள்.

இவனை நான் வானத்திலிருந்து இறக்கவில்லை. முந்தைய வருஷம் என்னைப் பெண் பார்க்க வந்தவரைப் பார்த்துத்தான் எழுதினேன். வந்தார், உட்கார்ந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. போண்டாவைத் தொடவில்லை. காலண்டரையே பார்த்துக்கொண்டு, தாடை இறுக, ஒரு புருவம் மேலே ஏறியிருக்க, அப்படி ஒரு கம்பீரம்! நான் சொக்கிப்போனேன். மறுவாரமே அவர் பெரியப்பா தவறிவிட்டார். ஒரு வருஷம் கல்யாணப் பேச்சே எடுக்கக்கூடாது என்றார்கள். அந்த ஒரு வருஷத்தில் அவருடைய அரைமணி நேர மௌனத்தை இழுத்து இழுத்து முழு நாவலாக்கிவிட்டேன். நாவல் கடைக்கு வந்த அதே வாரம், மறுபடி பேச்சு ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். சரி என்பதுதான் பதில், அதிலென்ன சந்தேகம் என்றுதான் இருந்தேன்.

மல்லேஸ்வரம் தாண்டுவதற்குள் முதல் அடி விழுந்தது.

"இன்னாடி இவன், வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கான்?" என்றாள் முதல் துண்டைப் படித்தவள்.

கடைசித் துண்டு கிடைத்தவள் சிரிப்பைப் பார்த்து மயங்கி, "இல்லடி, நல்லவன்தான்" என்று அவனுக்காக வாதாடினாள். மறுநாள் அவள் கைக்கு இரண்டாம் துண்டு போனது. கோப்பை பறக்கும் இடம். அவள் வீட்டில் தமிழும் வெளியில் கன்னடமுமாக வளர்ந்தவள். கோபம் வந்தால் இரண்டும் சேர்ந்து வரும். "பேடப்பா பேடா, வேண்டவே வேண்டாம் இவன் சகவாசம்! நம்ப வச்சு மோசம் பண்ணிட்டானே!" என்று துண்டை என் மடியில் போட்டாள். காபியை ஆறவிட்டதே அவன்தானே, குடிக்க வேண்டியதுதானே என்று ஒரு விசாரணை நடந்தது. நான் பலவீனமாக, "அவன் மனசுல அன்பு இருக்கு, வெளிய காட்டத் தெரியல" என்றேன். மூன்று பேரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

மூன்றாமவள் எங்களில் மூத்தவள், கல்யாணமானவள். நாங்கள் அக்கா என்போம். அவள் தன் துண்டை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "இவன மாதிரி ஒருத்தன் எங்க வீட்டுலயே இருக்கான். எதுக்குப் பேசல, எப்பத் தட்டு பறக்கும்னு பார்த்துக்கினே பதினோரு வருஷம் போச்சு. காசு குடுத்து இன்னொருத்தன வாங்கணுமா?"

யாரும் சிரிக்கவில்லை. நாவல் போனால் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை நான் சரி என்று சொல்லப்போவது யாருக்கு? பயந்துபோனேன், நிஜமாகவே.

அன்று மாலையே அம்மாவிடம், "அவரோட ஒரு தடவை பேசணும், அப்புறம்தான் பதில்" என்றேன். "ஒரு வருஷம் கழிச்சு என்னடி பேச்சு?" என்று குதித்தாள். நானும் பதிலுக்குக் குதித்தேன். கடைசியில் அல்சூர் கோயிலில், அவர் அக்காவும் என் அம்மாவும் பத்தடி தள்ளி வர, பிராகாரம் சுற்றுவதென்று ஏற்பாடாயிற்று.

மனிதர் செருப்பை விடும்போதே ஆரம்பித்துவிட்டார். வந்த பஸ்ஸில் கண்டக்டரோடு சண்டை, ஆபீஸ் லிப்ட், தக்காளி விலை. கொடிமரம் வருவதற்குள் எனக்குக் காது நிறைந்துவிட்டது. நான் நின்று, "அன்னிக்கு ஏன் ஒரு வார்த்தைகூடப் பேசல?" என்று கேட்டேன்.

"ஐயோ, கடவாய்ப் பல்லுங்க! சொத்தை. எங்கக்கா கிராம்பு வச்சு அமுக்கி விட்டுட்டா. வாயத் தொறந்தா விழுந்துரும்னு பல்லக் கடிச்சிக்கினு உக்காந்திருந்தேன். எங்க போண்டாவப் பார்த்தா ஆசை வந்துருமோன்னு காலண்டரயே பார்த்துக்கினு இருந்தேன்."

"கோவம் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"கத்துவேன். கத்தினா பசிக்கும். சாப்டுவேன்." கொஞ்சம் யோசித்து, "நீங்க?" என்றார்.

நான் சொக்கிப்போன கம்பீரம் கிராம்போடு போயிற்று. ஏமாற்றமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். ஆனால் அதைவிடப் பெரிதாக, மூச்சு முட்டுகிற மாதிரி சந்தோஷம் வந்தது. அம்மாவைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினேன். அவர் அதைக்கூடக் கவனிக்கவில்லை. லிப்ட் விஷயத்தைத் தொடர்ந்துகொண்டிருந்தார்.

கல்யாணத்துக்குப் பஸ் தோழிகள் வந்தார்கள். அக்கா நேராக மாப்பிள்ளையிடம் போய் ஊர் எது என்று கேட்டாள். அந்தப் பதில் முடிவதற்குள் முதல் பந்தி முடிந்துவிட்டது. திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது பேசுற ஆளு. பொழச்சிக்குவே," என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும்.

நாவல் எழுதிய விஷயத்தைக் கல்யாணமான சில மாதங்களில் அவரிடம் சொன்னேன். யாரைப் பார்த்து எழுதினேன் என்பதைச் சொல்லவில்லை. ஒரு ஞாயிறு மதியம் முழுப் புத்தகமாக, முதல் பக்கத்திலிருந்து உட்கார்ந்து படித்தார். பாதியில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, உண்மையான அக்கறையோடு கேட்டார்:

"ஏம்மா, இந்த ஆளு எப்பப் பாரு தாடைய இறுக்கிக்கினே கீறானே, பாவம், பல்லு வலியா?"

சிரிப்பு வெளியே வந்துவிடாமல் நான் தாடையை இறுக்கிக்கொண்டேன்.