ஹொ வீட்டுக்குச் சம்பந்தம் பேசப் போன ஞாயிற்றுக்கிழமை

இதை எழுத எனக்கு நாலு வருசம் பிடித்தது. பேனையை எடுப்பேன், மகளின் முகம் நினைவுக்கு வரும், வைத்துவிடுவேன். வீட்டு விசயத்தை ஊர் பார்க்க வைக்கலாமா என்பது ஒரு பயம். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டு, ஸ்காபரோவில் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலைசெய்யும் நான், வேறொரு சனத்தின் குடும்பப்பேரைப் பற்றி எழுதலாமா என்பது மற்றப் பயம். இப்போது பேரன் தவழத் தொடங்கிவிட்டான். பிள்ளையார் பக்கத்தில் நிற்கிறார் என்ற துணிவில் தொடங்குகிறேன். கடல் தாண்டின பயணம் இல்லை இது. ரொறன்ரோ நகரத்துக்கு உள்ளேயே பதினாறு கிலோமீற்றர் போய், அன்றைக்கே திரும்பினோம்.

என் மகள் அபிராமி படிக்கிற காலத்தில் பழகின கொரியப் பெடியன் ஜேவூ. முழுப்பேர் ஹொ ஜேவூ. அவர்களுக்குக் குடும்பப்பேர் முன்னுக்கு வரும். இரண்டு பேரும் கலியாணம் கட்ட விரும்பினார்கள். முதலில் எனக்குப் பிடிக்கவில்லை என்பது உண்மை. கோயிலில் மூன்று வெள்ளிக்கிழமை இருந்து யோசித்தேன். பெடியன் நல்லவன். நாலாவது வெள்ளி, "பெரியாக்களைப் பார்த்துக் கதைப்பம்" என்றேன்.

ஆடி பிறந்தால் சம்பந்தம் பேசக் கூடாது என்று என் மனிசி ஆனி மாதத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்து வைத்தா. பிள்ளையின் தாய்மாமன் இல்லாமல் போக முடியாது. ஆகவே மனிசியின் தம்பி தேவனும் முதல்நாளே பிறம்ரனில் இருந்து வந்துவிட்டான்.

காலை 10.40. மார்க்கம் வீதிச் சந்தியில் பிஞ்ச் பஸ் ஏறினோம். ஒருவருக்கு மூன்று டொலர் முப்பது சதம். தேவனின் கார் வாசலில் நின்றும் பஸ்ஸில் போனது அவனால்தான்.

"கிழமை முழுக்க லொறி ஓடுறன் அத்தான். இண்டைக்கும் ஸ்ரியறிங் பிடிக்க என்னால ஏலாது" என்றான்.

மனிசியின் மடியில் முறுக்கும் பயித்தம் பணியாரமும் போட்ட பெட்டி. மிட்லண்ட் வீதி தாண்டும்போது தேவன் போனை என் மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்தான்.

"அத்தான், உந்த ஹொ எண்ட பேர் எங்கட பேர், தெரியுமோ? எங்கட இளவரசி ஒராள் கப்பலில போய்க் கொரிய ராசாவைக் கட்டினவ. அவவின்ர பரம்பரைதான் உவை."

"ஆர் சொன்னது?"

"விடியோ இருக்கு. லச்சக்கணக்கில ஆக்கள் பார்த்திருக்கினம்."

"பார்த்தவை பார்க்கட்டும்" என்றா மனிசி. "நீ அங்க போய் வாயைத் திறக்காதை."

"அக்கா, தாய்மாமன் வாய் திறக்காமல் ஒரு சம்பந்தமே?"

11.45. பிஞ்ச் நிலையத்தில் இறங்கி யங் வீதியில் நடந்தோம். முப்பது வருசம் இந்த நகரத்தில் இருக்கிறேன், இந்தத் துண்டு வீதியில் கால் வைத்ததில்லை. கடைப் பலகைகள் எல்லாம் வட்டமும் கோடுமான கொரிய எழுத்து. ஒரு பலசரக்குக் கடையில் மகள் சொல்லிவிட்டபடி பேரிக்காய்ப் பெட்டி ஒன்று வாங்கினோம். ஒவ்வொரு காயையும் வலைச் சட்டை போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். முப்பத்திரண்டு டொலர். தேவன் சும்மா இருக்காமல் காசு வாங்கின பிள்ளையிடம், "நீங்களும் ஹொவோ?" என்று கேட்டான்.

"கிம்" என்றாள் அந்தப் பிள்ளை. "இந்தக் கடையில் ஐந்து பேர் வேலை. நாலு பேர் கிம்."

"எங்கட கோயிலில கூப்பிட்டால் பத்து 'சிவா' திரும்பிப் பார்ப்பினம், அதுமாதிரி" என்றான் தேவன்.

12.15. பதினோராம் மாடி. ஜேவூவும் அபியும் கதவைத் திறந்தார்கள். வாசலில் சப்பாத்துகள் வரிசையாக இருந்ததைப் பார்த்ததும் மனிசிக்குப் பாதிப் பயம் போய்விட்டது. ஜேவூவின் தகப்பன் இடுப்பு வளையக் குனிந்தார், நாங்கள் கும்பிட்டோம். அவரை இனி மிஸ்டர் ஹொ என்றே எழுதுகிறேன். தன் தேவாலயத்தில் மூப்பர். ஸ்காபரோவில் மூலைக்கடை வைத்திருந்து ஓய்வெடுத்தவர். நிறுத்தி நிறுத்தி ஆங்கிலம் பேசுவார், எனக்கு விளங்கும். "தமிழ் ஆக்களை எனக்குத் தெரியும்" என்றார் சிரித்து. "மிச்சக் காசை இடக்கையால் நீட்டினால் உங்கள் முகம் மாறிவிடும்."

நாங்கள் மச்சம், மாமிசம் சாப்பிடாதவர்கள். ஜேவூவின் தாய் சர்க்கரைவள்ளி என்கிற வத்தாளங்கிழங்கு மாவில் செய்த கண்ணாடி நூடில்ஸை மரக்கறி போட்டுப் பிரட்டியிருந்தா. கோவா ஊறப்போட்ட கிம்ச்சிக்கு வழமையாக மீன் சாறும் கூனி இறாலும் சேர்ப்பார்களாம். எங்களுக்கென்று அதைத் தவிர்த்து, இரண்டு கிழமைக்கு முன்பே தனிப் போத்தலில் போட்டு வைத்திருக்கிறா. அதை அபி சொன்னபோது மனிசி அந்தத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டா. மிஸ்டர் ஹொ கண்ணை மூடிச் செபம் சொன்னார். நானும் கண்ணை மூடி மனதுக்குள் ஒரு தேவாரம் சொன்னேன்.

1.30. சாப்பாட்டோடு பேச்சு பேருக்கு வந்தது.

"உங்கள் குடும்பப்பேர் எந்த ஊரில் தொடங்கியது?" என்று மிஸ்டர் ஹொ கேட்டார். கொரியர்கள் சம்பந்தம் பேசினால் முதலில் அதைத்தான் கேட்பார்களாம். ஒரே பேரில் பல கிளை, ஒவ்வொரு கிளைக்கும் ஓர் ஊர். அவருடையது கிம்ஹே என்ற ஊரின் ஹொ.

"எங்களுக்குப் பரம்பரைப் பேர் இல்லை" என்றேன். "தகப்பனின் பேர்தான் பின்னுக்கு வரும். என் பேருக்குப் பின்னால் என் அப்பா. அபிக்குப் பின்னால் நான்."

அவர் திகைத்துப்போனார். "ஒவ்வொரு தலைமுறையும் மாறினால் ஆளை ஆள் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?"

"எந்த ஊர் எண்டு கேப்பம். பிறகு ஆரின்ர மகன் எண்டு கேப்பம். மூண்டாம் கேள்விக்குள்ள சொந்தம் பிடிச்சிடுவம்."

அபி அதை ஆங்கிலத்தில் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவர் தன் பேரின் கதையைச் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

ஏறக்குறைய இரண்டாயிரம் வருசத்துக்கு முன் அயுதா என்ற தூர நாட்டில் இருந்து ஓர் இளவரசி படகில் வந்தா. பாய் சிவப்பு. அலை அடங்கப் படகில் கல் ஏற்றி வந்தா. கிம்ஹேயில் ஆண்ட ராசாவை மணந்தா. பத்து ஆண் பிள்ளைகள். கடைசிக் காலத்தில் ராசாவிடம் ஒன்று கேட்டாவாம்: நான் தனியே வந்தவள், எனக்குப் பிறகு என் பேரைச் சொல்ல இந்த மண்ணில் ஒருவரும் இல்லை. ராசா இரண்டு பிள்ளைகளுக்குத் தாயின் பேரைக் கொடுத்தார். அந்த இரண்டு பேரின் வழிதான் ஹொ. மற்றப் பிள்ளைகளின் வழி கிம்.

"அயுதா எங்கே?" என்று கேட்டேன்.

"இந்தியா என்பார்கள். வேறு இடம் என்பாரும் உண்டு. எனக்குத் தெரியாது."

இன்றைக்கு அந்தப் பேர் எங்கெல்லாம் போயிருக்கிறது என்று மேசையில் கிண்ணங்களை நகர்த்திக் காட்டினார். இந்தக் கிண்ணம் லொஸ் ஏஞ்சல்ஸ், இது வன்கூவர். சீன எல்லையில் உள்ள ஹொக்கள் சீன உச்சரிப்பில் ஷூ ஆகிவிட்டார்கள். அவருடைய தேவாலயத்துக்குத் தாஷ்கந்தில் இருந்து வந்த ஒரு பெண் வருகிறா. பேர் ஹெகாய், ரஷ்ய மொழிதான் பேசுவா. அவவின் பாட்டன்மாரை ஸ்டாலின் காலத்தில் ரயிலில் ஏற்றி மத்திய ஆசியாவில் இறக்கிவிட்டார்கள். அவவும் ஹொதான். கடைசிக் கிண்ணத்தை மேசையின் விளிம்பில் வைத்தார். "இது பிரேசில். சாவோ பாவுலோ. என் அண்ணன்."

எங்கள் சனத்தை இப்படிக் கிண்ணம் வைத்துக் காட்ட ஒரு மேசை போதாது.

அந்த நேரம் பார்த்துத் தேவன் எழுந்தான். மகிழ்ச்சியில் எழுந்தான், அதையும் சொல்லவேண்டும்.

"அங்கிள், அந்த அயுதா எங்கட பக்கம்! அவ தமிழ் இளவரசி! யூ அண்ட் மீ, ஸேம் ப்ளட்! நாங்கள் எப்பவோ சொந்தக்காரர்!"

மிஸ்டர் ஹொ கோப்பையைக் கீழே வைத்தார். சிரிப்பு நின்றுவிட்டது. மகனைப் பார்த்துக் கொரிய மொழியில் ஏதோ சொன்னார். ஜேவூவின் முகம் வெளுத்தது. அபி அவன் கையை மேசைக்குக் கீழே பிடித்தாள்.

"என்ன சொல்றார்?" என்று மனிசி கேட்டா.

அவரே எங்களுக்குச் சொன்னார். கிம்ஹே ஊரின் கிம்மும் ஹொவும் ஒரு தாயின் பிள்ளைகள் என்பதால் மணம் முடிக்கக் கூடாது, அது பழைய வழக்கம். அவருடைய அண்ணன் விரும்பின பெண் கிம்ஹே கிம். தகப்பன் மறுத்துவிட்டார். அண்ணன் சண்டை பிடிக்கவில்லை, பிரேசிலுக்குப் போய்த் தையற்கடை போட்டார். கலியாணம் கட்டவேயில்லை.

"இரண்டாயிரம் வருசம் என் அண்ணனுக்குக் கிட்டவாக இருந்தது" என்றார். "என் மகனுக்கு மட்டும் தூரமா? நீங்களும் அந்தத் தாயின் இரத்தம் என்றால், நான் அவருக்கு என்ன முகத்தோடு சொல்லுவேன்?"

மனிசி தம்பியின் காதுக்குள், "வாயைத் தைச்சுவிடுவன்" என்றா. தேவன் உட்கார்ந்துவிட்டான். லொறி ஓட்டுகிற அந்தப் பெரிய உடம்பு சிறுத்துப் போயிற்று. நான் அபியைப் பார்த்தேன். அழவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளையாரே என்று தொடங்கினேன். "ஐயா, எங்கட வீட்டில ஒருத்தரும் அந்த இளவரசியைப் பற்றி முந்திக் கேள்விப்படேல்லை. மச்சான் போனில பார்த்தது. வட இந்தியாவில உள்ளவை தங்கட எண்டு சொல்லுவினம், நாங்கள் எங்கட எண்டு சொல்லுவம். உண்மை கடவுளுக்குத்தான் தெரியும். ஆனால் அது உண்மையெண்டே வைப்பம். எங்கட வழக்கத்தில தாய் வந்த வீட்டில இருந்துதான் திரும்பவும் பெண் எடுக்கிறது. இந்தத் தேவனுக்குப் பெரிய மகன் இருந்திருந்தால், அபியைக் கட்ட முதல் உரிமை அவனுக்குத்தான்—"

"அப்பா, ப்ளீஸ்!" என்றாள் அபி. "கசின் மேரேஜ் கதையை இங்க சொல்லாதேங்கோ! ஓ மை கோட்."

"மொழிபெயர், பிள்ளை."

"ஐ ஆம் நொட் ட்ரான்ஸ்லேற்றிங் தற்."

ஆனால் 'கசின்' என்ற சொல் மிஸ்டர் ஹொவுக்கு விளங்கிவிட்டது. "கசினையா கட்டுவீர்கள்?" என்று கண்ணை விரித்தார்.

"ஓம். எங்களுக்கு அது குற்றம் இல்லை. நாங்கள் சொந்தம் எண்டு சொன்னால், கதவைத் திறந்து வைச்சிருக்கிறம் எண்டு கருத்து."

வேறு வழியில்லாமல் அபி எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னாள். முதலில் சிரித்தது ஜேவூவின் தாய். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினா. மிஸ்டர் ஹொ சிரிக்கவில்லை. "அண்ணனைக் கேட்கவேண்டும்" என்று போனை எடுத்து மேசை நடுவில் நிறுத்தி வைத்தார்.

வீடியோவில் வெள்ளைத் தலை, கழுத்தில் அளவு நாடா, பின்னால் ஒரு தையல் மெசின். ஞாயிற்றுக்கிழமையும் கடையில்தான் இருந்தார். மிஸ்டர் ஹொ எழுந்து நின்று நெடுநேரம் கொரிய மொழியில் சொன்னார். ஜேவூ மெல்ல மெல்ல எங்களுக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தான். அபியின் விரல்கள் மேசைச் சீலையை முறுக்கிக்கொண்டிருந்தன.

எல்லாம் கேட்டுவிட்டு அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் பிள்ளை கிம்மா?"

"இல்லை."

"பிறகு என்னத்துக்கு எனக்குப் போன் எடுத்தாய்?"

அதோடு விடவில்லை. அபியைக் காட்டச் சொன்னார். அவள் போனுக்கு முன்னால் போய்க் கும்பிட்டாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஜேவூவைப் பார்த்து, "கோட் நான் தைப்பேன். தோள் அளவை அனுப்பு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மிஸ்டர் ஹொ யன்னல் பக்கம் திரும்பி நின்றார். தோள்கள் அசைந்தன.

4.20. நாள் குறிப்போம் என்று அவரே திரும்பி வந்து சொன்னார். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை நாலரை தொடக்கம் ஆறு வரை ராகு காலம். அந்த நேரத்தில் நல்ல காரியம் பேசமாட்டோம் என்று கூச்சத்தோடு சொன்னேன். ஜேவூவின் தாய், தங்கள் ஊரிலும் வீடு மாற நாள் பார்ப்பார்கள் என்றா. மிஸ்டர் ஹொ, மூப்பருக்கு இது கேட்கவில்லை என்று காதைப் பொத்திக் காட்டினார். ஆறு மணிவரை தேத்தண்ணியும் பேரிக்காயும் பயித்தம் பணியாரமும். ஆறு ஐந்துக்கு ஆவணியில் ஒரு நாள் குறித்தோம். காலையில் எங்கள் கோயில், மத்தியானம் அவர்களின் தேவாலயம்.

7.30. இன்னும் வெயில் இருந்தது. மிஸ்டர் ஹொ பஸ் நிற்கும் இடம்வரை வந்தார். தேவனின் தோளில் கை போட்டு, "உங்கள் கதையை நான் மறுக்கவில்லை" என்றார். "அவ எங்கிருந்து வந்தா என்று தெரியாது. வந்தா என்பது மட்டும் தெரியும்." தேவன் தலையாட்டினான். ஸ்காபரோ வரும்வரை வாய் திறக்கவில்லை. என் மச்சானுக்கு அது பெரிய விரதம்.

கலியாணம் நல்லபடி நடந்தது. கோட் தபாலில் வந்தது, ஊசி முனை அளவும் பிசகாமல் பொருந்தியது. அதைத் தைத்த ஜேவூவின் பெரியப்பா வரவில்லை. கலியாண வீடுகளுக்கு அவர் போவதில்லையாம்.

இதை விரும்பினவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கோ, அனுப்பி விடுங்கோ. ஒன்றே ஒன்று கேட்கிறேன். தமிழ் இளவரசி என்று கூட்டாதேங்கோ, வெறும் கட்டுக்கதை என்று குறைக்காதேங்கோ. தேவன் கோயில் மண்டபத்தில் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் ஒரு கப்பல் கூடிவிடுகிறது. அந்த வீட்டில் உள்ளது இவ்வளவுதான்: ஒரு பெண் வந்தா, தன் பேரை இரண்டு பிள்ளைகளுக்குக் கேட்டு வாங்கினா. யார் யாரை மணக்கக் கூடாது என்று அவ சொன்னதாக நான் கேட்ட கதையில் ஒரு வரியும் இல்லை. அது பின்னால் வந்தவர்கள் சேர்த்ததாகத்தான் இருக்கவேண்டும். அந்த ஒரு வரிக்காக சாவோ பாவுலோவில் ஒரு மனிசர், மற்றவர்களின் கலியாணத்துக்குக் கோட் தைத்துக் கொடுத்துவிட்டு, தனக்கு மட்டும் சமைத்துச் சாப்பிடுகிறார்.