ஒன் செமோரு

பிச்சைமுத்துவுக்கு முதல் ரசிகை வீரம்மாதான். மலாயாவில், செமோர் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவன் ஒரு நிரையில் மரம் சீவுவான், அவள் அடுத்த நிரையில் சீவுவாள். அவன் பாடுவான், அவள் "பலே தம்பி" என்பாள். சபை அவ்வளவுதான். அவளுக்கு அது தாராளமாகப் போதும்.

ஆனால் குரலை யார் கட்டி வைப்பது? முதலில் தொழிலாளர் குடியிருந்த லயத்து வீட்டுப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். அப்புறம் கங்காணி வந்தார். சும்மா வராமல் தொடையில் தட்டித் தட்டித் தாளத்தையும் கெடுத்தார். ஈயச் சுரங்கத்துச் சீனர்களுக்கு ஒரு வார்த்தை புரியாது, ஆனாலும் அழ வேண்டிய இடத்தில் சரியாக அழுதார்கள். கடைசியில் பேர் ஈப்போ வரை போய்விட்டது. வீரம்மாவுக்கு வயிற்றெரிச்சல். நேற்று வந்ததுகள் எல்லாம் "எங்க பிச்சைமுத்து" என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

1926 தீபாவளிக்கு ஈப்போவில் கொட்டகை போட்டு அவனைப் பாடக் கூப்பிட்டார்கள். பாட்டு எடுபட்டால் ஒரு நாடகக் கம்பெனி அவனைச் சேர்த்துக்கொள்ளும் என்று பேச்சு. முன்வரிசை நாற்காலிகளில் கோட்டுப் போட்ட ஆபீஸ் கிராணிமார், இங்கிலீஷ் படித்த குமாஸ்தாக்கள். வீரம்மா மேடைப் படிக்குப் பக்கத்தில் நின்றாள். அவன் முதல் பாட்டை முடித்ததுதான் தாமதம், கிராணிமார் எழுந்து கத்தினார்கள்:

"ஒன்ஸ்மோர்! ஒன்ஸ்மோர்!"

பிச்சைமுத்துவின் முகம் செத்துப்போனது. விடுவிடுவென்று படியிறங்கி வந்தான்.

"கேட்டியாக்கா? 'ஒன் செமோரு, ஒன் செமோரு'ன்னு வெரட்டுறானுங்க. ஒன் ஊருக்கே போடாங்குறானுங்க. வா, போலாம். இனிமே தோட்டத்தவிட்டு எங்கயும் பாடமாட்டேன்லா."

வீரம்மாவுக்கும் அப்படித்தான் கேட்டிருந்தது. வந்த கோபத்தில் பக்கத்து நாற்காலிக் கிராணியின் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க செமோருக்கு என்னய்யா கொறச்சல்?"

அவர் மிரண்டுபோனார். "ஐயோ, அது இங்கிலீசும்மா! இன்னொருவாட்டி பாடச் சொல்றோம்."

இரைச்சலில் பிச்சைமுத்துவின் காதில் அது விழவில்லை. அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்துகொண்டிருந்தான். வாயை மூடிக்கொண்டு பின்னாலேயே போனால் போதும். விடிந்தால் அதே நிரை, அதே குரல், கேட்க அவள் ஒருத்தி மட்டும். ஆசையாகத்தான் இருந்தது. இல்லை என்றால் பொய்.

கொஞ்ச தூரம் கூடவே நடந்தாள். பிறகு அவன் கையைப் பிடித்தாள்.

"எங்கடா போற? அந்தப் பாட்டையே இன்னொருவாட்டி பாடச் சொல்றாங்க, மடையா. அம்புட்டுப் புடிச்சிருச்சாம்."

"நெசமாவாக்கா?"

"நான் எப்பவாச்சும் ஒனக்குப் பொய் சொல்லியிருக்கேனா? ஏறு மேல."

அவன் மேடையேறியதும் கூரை பிய்ந்துவிடும்போலக் கொட்டகை அதிர்ந்தது. இனிமேல் தனியாகத்தான் மரம் சீவ வேண்டும் என்று வீரம்மாவுக்குத் தெரிந்துபோனது. ஆனால் பாட்டு முடிந்தபோது, கிராணிமாரை முந்திக்கொண்டு அவள் குரல்தான் கிளம்பியது:

"எங்க செமோரு! எங்க செமோரு!"

அதுவும் இங்கிலீஷ்தான் என்று நினைத்து நாலைந்து பேர் கூடவே கத்தினார்கள்.