மூன்றாவது கோப்பை

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ஒனிஹங்காவில் பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவிதான் எனக்கு அந்தச் சூப்பைப் பழக்கியவள். ஊறவைத்த வெள்ளை அவரை, கோவா இலை, கரட், செலரி. எல்லாம் அவிந்து கரைகிற நேரம் காய்ந்த பாண் ரொட்டியைப் பிய்த்துப் போட வேண்டும். அடுத்த நாள் திரும்பக் கொதிக்க வைத்தால்தான் அதற்கு ருசி. பழங்கறி தின்று வளர்ந்த எனக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? ஒரு நாள் மிளகாய்த்தூள் போடப் போனேன், அகப்பையையே பிடுங்கிவிட்டாள்.

நவம்பர் தொடக்கத்தில், இறந்தவர்களின் திருநாளன்று, செத்துப்போன ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பை சூப் ஊற்றி, மேலே ஒரு துண்டு பாணும் போட்டு யன்னலடியில் வைப்பாள். வைத்ததைத் திரும்பப் பானையில் ஊற்றக்கூடாதாம். ஊற்றினால் பானை முழுவதும் அவர்களுடையதாகிவிடுமாம். புருஷனின் கோப்பையோடு அவள் கதைக்கும்போது எனக்கு மயிர்க்கூச்செறியும். ஆனாலும் அந்த வருஷம் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நானும் வைக்க நினைத்தேன். இரண்டு பேரின் செத்தவீட்டுக்கும் என்னால் ஊருக்குப் போக முடியவில்லை.

தம்பிக்கு இல்லை. ஊரில் ஆமி சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லையென்றால், அவன் உயிரோடு இருக்கிறான் என்றுதான் அர்த்தம். இந்த விஷயத்தில் யாரும் என்னிடம் வாய் கொடுக்கமாட்டார்கள்.

அன்று பின்னேரம் கடல் பக்கமிருந்து மழை இருட்டிக்கொண்டு வந்தது. குசினி யன்னலடியில் இரண்டு கோப்பைகளை வைத்துவிட்டு, கொடியில் கிடந்த உடுப்பை எடுக்க ஓடினேன். திரும்பி வந்தால் மூன்று கோப்பைகள். மூன்றாவதிலும் பாண் துண்டு மிதந்தது. பூட்டிய யன்னல் கண்ணாடியில் யாரோ கிட்ட நின்று மூச்சு விட்டது போல ஆவி படிந்திருந்தது. குளியலறையில் தண்ணீர் ஓடியது, இவர், என் புருஷன், வேலையால் வந்துவிட்டார். பக்கத்து வீட்டில் கிழவி தனியாக இருந்து யாரோடோ கதைத்துச் சிரித்தாள்.

நானே தெரியாமல் வைத்தேனோ? பிறகு கோபம் வந்தது. தம்பிக்கு என்ன இழவுக்கு ஒரு கோப்பை? அதைப் பாணோடு பானைக்குள் கவிழ்த்தேன். இவரைக் கூப்பிட்டு அதே பானையிலிருந்து அள்ளி வைத்தேன். நானும் வீம்புக்கு ஒரு வாய் குடித்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

இவர் பானையைச் சுரண்டித் தின்கிற மனிசன். அன்று கரண்டியைத் தொடவேயில்லை. யன்னலடியில் இருந்த இரண்டு கோப்பைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களோ வைச்சது?" என்று கேட்டேன்.

"ஓம். உமக்கு வாயால சொல்ல எனக்குத் தைரியம் வரேல்லை."

போன கிழமை கொழும்பிலிருந்து போன் வந்ததாம். தம்பியோடு அடைபட்டிருந்த ஒருவன் வெளியே வந்து, அவன் முடிந்துபோன கதையைச் சொன்னானாம். நான் கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லி இவரைத் திட்டினேன். பக்கத்து வீட்டுச் சிரிப்பு நின்றுவிட்டது.

பிறகு பானைக்குள் அகப்பையை விட்டு அந்தப் பாண் துண்டைத் தேடினேன். அது கரைந்துபோயிருந்தது. புதிதாக ஒரு துண்டு பிய்த்து, கோப்பையைத் திரும்ப நிரப்பி, அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். உறைப்பில்லாமல் அவன் ஒன்றும் தின்னமாட்டான். மிளகாய்த்தூள் போத்தலை எடுத்தேன்.