நான்காம் அத்தியாயமும் அம்மாவின் குரலும்

என் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ஒரு மென்பொருள் நிறுவனம். ஒப்பந்தப்படி வாரத்தில் பாதி தீவின் கிழக்கே தெம்பனிஸில் அவர்கள் அலுவலகம், மீதி மேற்கே கிளமெண்டி பக்கம் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். எது ஆறு, எது சேறு என்று மட்டும் கேட்காதீர்கள்; வாரத்துக்கு வாரம் மாறும்.

கணினிக்குத் தமிழ்ப் பேச்சைப் புரியவைப்பதுதான் வேலை. கிளினிக்குக்குப் போன் செய்யும் தமிழ் முதியவர்கள் ஆங்கிலத்தில் திணறாமல் உடம்புக்கு என்ன என்று தமிழிலேயே சொல்லலாம். இயந்திரம் புரிந்துகொண்டு நர்சிடம் இணைப்பைக் கொடுக்கும். நல்ல காரியம். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

குரல்களைப் பதிவு செய்ய, தமிழர் கடைகள் நிறைந்த தேக்கா பக்கம் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தோம். பூக்கடைக்காரர் ஒருவர் வந்தார். வாசலில் நின்று போனில் யாரையோ காதுகொடுத்துக் கேட்க முடியாத வார்த்தைகளால் அர்ச்சனை செய்துவிட்டு உள்ளே வந்தவர், மைக்கைப் பார்த்ததும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். “வணக்கம். எனது இடது முழங்காலில் கடுமையான வலி காணப்படுகிறது” என்றார். வானொலிச் செய்தி தோற்றது. அவர் மட்டுமல்ல, வந்தவர்கள் எல்லோருமே அப்படித்தான். பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டியில் மேடையேறிய ஊர் இது. மைக் என்றால் நல்ல தமிழ். வீட்டில் பேசுவது வேறு. சாதாரணமாகப் பேசுங்கள் என்று கெஞ்சினால், “சாதாரணமாத்தான் பேசுறேன் லா” என்று இந்த ஊர்ப் பேச்சின் ‘லா’வோடு சாதாரணமாகச் சொல்லிவிட்டு, மறுபடி மேடைக்குப் போய்விடுவார்கள்.

என் அம்மாவும் வந்தார். எங்கள் தேவாலயத்தின் தமிழ்த் திருப்பலியில் வாசகம் வாசிப்பவர். அவருக்குச் சொல்லவா வேண்டும்? ஒரு பிசிறு இல்லாமல் பேசிவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பெருமையாக இருந்தார்.

அந்தக் குரல்களை வைத்துப் பழக்கிய இயந்திரம் சோதனைகளில் அபாரமாகத் தேறியது. நிறுவனம் கேக் வெட்டியது. நான் இயந்திரத்தை மடிக்கணினியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் அடுக்களையில் வைத்தேன். அம்மா மீன் கழுவிக்கொண்டே இடுப்பு வலியைப் பற்றிப் புலம்பினார். இயந்திரத்துக்கு எதுவும் விளங்கவில்லை. அக்கம்பக்கத்து வீடுகளிலும் அதே கதைதான். மேடையில் நிற்பவர்களின் தமிழைத்தான் நாங்கள் அதற்குக் கற்றுக்கொடுத்திருந்தோம். வலியில் இருப்பவர் யாரும் மேடையில் நிற்பதில்லை.

இதைத்தான் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயமாக எழுதினேன். நான் எழுதுவது எதுவும் வெளியே போகுமுன் நிறுவனம் படிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அங்கே எனக்குப் பொறுப்பாளராக இருந்தவர் கெட்டவரல்ல. தானும் இந்த ஊரில் வளர்ந்த தமிழர். இந்தத் திட்டத்துக்காக மேலிடத்தில் மன்றாடியவரும் அவர்தான்.

“சாப்டர் நல்லாதான் இருக்கு. ஆனா இப்பதான் ஒரு கிளினிக்ல டிரையல் ஆரம்பிச்சிருக்கோம். இது வெளிய போனா மேல இருக்கறவங்க ப்ராஜெக்டையே மூடிடுவாங்க. உங்க கடைசி வருஷ ஃபண்டிங்கும் போயிடும். எடுத்துடுங்களேன்” என்றார்.

பேராசிரியரிடம் போனேன். ஆய்வு உன்னுடையது, முடிவும் உன்னுடையது என்று கையைக் கழுவினார். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிறோமோ என்று ஒரு மனம். இந்த வீடு யாருக்காகக் கட்டியது என்று இன்னொரு மனம். கோபமாக வந்தது. யார் மீது என்றுதான் தெரியவில்லை. பதில் சொல்லாமல் நாளைத் தள்ளினேன்.

அந்த வாரத்தில்தான் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போயிற்று. நான் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். வேலை நேரத்தில் மகளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அவரே கிளினிக்குக்குப் போன் செய்திருக்கிறார். டிரையல் நடந்த கிளினிக் அதுதான்; எங்கள் இயந்திரம் எடுத்தது. நர்சிடம் இணைப்பு போனது, அவர் உடனே ஆம்புலன்சை அனுப்பினார். இதயக் குழாயில் அடைப்பு. பிழைத்துக்கொண்டார்.

டிரையல் அழைப்புகளைக் கேட்டுச் சரிபார்ப்பதும் என் வேலைதான். மறுநாள் பொறுப்பாளருடன் உட்கார்ந்து அம்மாவின் அழைப்பைக் கேட்டேன்.

“ஏம்மா, கை ஒரு மாதிரி கனமா இருக்கு, நெஞ்சுலாம் என்னமோ அடைக்குது...”

“மன்னிக்கவும். மீண்டும் சொல்லுங்கள்.”

“முடியலம்மா... மூச்சு வாங்குது லா...”

“மன்னிக்கவும். மீண்டும் சொல்லுங்கள்.”

பிறகு பேச்சில்லை. மூச்சு மட்டும் கேட்டது. அம்மா தொண்டையைச் செருமினார். “வணக்கம். எனது மார்பிலும் இடது கையிலும் வலி ஏற்பட்டுள்ளது. தயவுசெய்து உதவுங்கள்.” ஞாயிற்றுக்கிழமை வாசகம் வாசிக்கும் அதே குரல். நடுவில் ஓரிடத்தில் மட்டும் உடைந்தது. இயந்திரம் நன்றி சொல்லி இணைப்பைக் கொடுத்தது.

பொறுப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொய்யில்லை, உண்மையாகவே துடைத்தார். “பாத்தீங்களா, உங்க அம்மாவுக்கே வேலை செஞ்சிருக்கு” என்றார்.

“வேலை செஞ்சது எங்கம்மா சார். சிஸ்டம் இல்ல” என்றேன். அத்தியாயம் ஆய்வேட்டில் இருக்கும் என்றும் சொன்னேன். அவர் மேற்கொண்டு வாதாடவில்லை. மேலிடத்தில் சொல்லிவிடுவதாக மட்டும் சொன்னார். அதற்கு என்ன பொருள் என்று இருவருக்குமே தெரியும்.

மாலையில் மருத்துவமனைக்குப் போனேன். அம்மா தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். மறைத்தால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார் என்பதால் சொல்லிவிட்டேன்: கம்பெனிக்காரர்கள் பணத்தை நிறுத்தப்போகிறார்கள், கடைசி ஆண்டை வேறு வழியில்தான் சமாளிக்க வேண்டும்.

அம்மா கரண்டியைக் கிண்ணத்திலேயே வைத்தார்.

“நான் பேசினதுனாலயா? மொதல்ல ஏதோ பதட்டத்துல தப்பு தப்பா பேசிட்டேன்மா. அப்புறம் சரியாத்தானே சொன்னேன்? அவங்ககிட்ட சொல்லு, இன்னொரு தடவ வேணும்னா ஒழுங்கா பேசிக் குடுக்கறேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊசி குத்தாத கையைப் பிடித்துக்கொண்டேன்.

“இல்லம்மா. நீங்க மொதல்ல பேசினதுதான் சரி.”

அவர் நம்பவில்லை.