சிப்பிக்கு எண்ணெய் வைத்தவன்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பத்தாம் வகுப்பு அறிவியலை இரண்டு முறை எழுதியும் தாண்டாதவன் எக்ஸ்ரே ஆராய்ச்சி பற்றி எழுதினால் யார் படிப்பார்கள்? இன்று கடைக்கு ஆள் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்களுடையது தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் சங்கு, சிப்பி விற்கும் கடை. என்னோடு படித்த நண்பன் முத்துச்சிப்பி ஓட்டை வைத்து டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறான். ஓடு அடுக்கடுக்காக வளர்வதைப் பார்க்க ஆஸ்பத்திரி எக்ஸ்ரே போதாதாம். வெளிநாட்டில் சிங்க்ரோட்ரான் என்று ஒரு கூடம் இருக்கிறது. மைதானம் அளவு வளையத்தில் எலக்ட்ரானைச் சுற்றவிட்டு, அதிலிருந்து பலமான எக்ஸ்ரே எடுக்கிறார்கள். கெஞ்சிக் கேட்டு அவனுக்குக் கிடைத்தது ஒரே நாள். அதை விட்டால் பட்டம் எப்போது என்று தெரியாது. நேரில் போக வேண்டாம். ஓட்டுத் துண்டுகளை ஊசி முனையில் ஒட்டி கூரியரில் அனுப்பினால், அங்கே இயந்திரக் கை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துத் தானே அளந்துகொள்ளும்.

ஒட்டுகிற வேலை எனக்கு. கை நடுங்காதவன் நான்தான் என்றான். அந்தப் பாராட்டு தலைக்கு ஏறிவிட்டது. வெளிநாடு போகிற சரக்கு மங்கலாக இருக்கலாமா? கடையில் செய்வதுபோல ஒவ்வொரு துண்டையும் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து ஒட்டினேன். பாதியில் பசித்தது. புரோட்டா சாப்பிட்டுவிட்டுச் சற்றுப் படுத்தேன். எழுந்தால் கூரியர் கடை மூடும் நேரம். மீதியை எண்ணெய் தொடாமல் அப்படியே ஒட்டி அனுப்பினேன்.

அளக்கும் நாளில், எங்கள் கடையில் நெட் நன்றாக இருக்கும் என்று நண்பன் லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தான். திரையில் நேரலையாக அந்த இயந்திரக் கை முதல் ஊசியைத் தூக்கியது. துண்டு வழுக்கி விழுந்தது. கை அதைக் கண்டுகொள்ளாமல் வெறும் ஊசியைக் கொண்டுபோய் வைத்து, ரொம்ப அக்கறையாகக் காற்றை அளந்தது. அடுத்ததும் அப்படியே. நான்கூட வேலையில் இவ்வளவு மோசமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

“ஏலே, துண்டுல என்னத்தத் தேச்ச?”

“தேங்கா எண்ணெய்தாம்லே. மினுக்கமா இருக்கட்டும்னு.”

அவன் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பாதித் துண்டாவது தேறினால்தான் பிழைப்பேன் என்று மட்டும் சொன்னான். இருவரும் இயந்திரம் காற்றை அளப்பதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு ஒரு துண்டு விழாமல் நின்றது. அடுத்ததும் நின்றது. அதன்பின் கடைசிவரை ஒன்றுகூட விழவில்லை. எல்லாம் நான் தூங்கி எழுந்து ஒட்டியவை.

எனக்கு உடனே தெம்பு வந்துவிட்டது. “பாத்தியாலே, நான் படுத்து ஒறங்குனதாலதான் ஒன் படிப்பு பொழச்சுது.”

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்:

“அடுத்த தடவ காலைலயே படுத்துருலே.”