இறங்கித் தள்ளிச் செல்லவும்

என் தம்பியைப் பற்றி எழுத என்னைவிடப் படித்தவர்கள் அவன் வேலை பார்த்த இடத்தில் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் எழுதவில்லை. நான் ஏழாம் வகுப்போடு நின்றவள், தையல்காரி. அளவு தப்பாமல் சொல்லத் தெரியும், அவ்வளவுதான். அவனுக்குக் கழுத்து பதினைந்து அங்குலம், தோள் பதினேழரை, கை இருபத்துநாலே கால். கடைசி வருடத்தில் கழுத்து பதின்மூன்றரை ஆகிவிட்டது. சட்டைகளை எல்லாம் நான்தான் பிரித்துப் பிடித்துக் கொடுத்தேன்.

அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, எனக்குப் பத்தொன்பது. அப்பா அதற்கு முன்பே இல்லை. ஒரு நாள் தையல் மேசையில் இருந்த அளவு டேப்பைக் காணாமல் வீட்டைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தவன் அதைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் ஐந்நூற்று இருபத்தாறு டேப்பு தூரம் என்றும், அதில் நடக்க இடம் இருப்பது நூற்றுப் பதினொன்றுதான் என்றும் சொன்னான். தெருவில் இழுபட்டதில் டேப்பு ஒன்றரை அங்குலம் நீண்டுபோயிருந்தது. அது தெரியாமல் பழைய அளவு நோட்டைப் பார்த்து வெட்டிய மூன்று சட்டைகள் தொளதொளவென்று வந்து, மூன்று பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். விஷயம் பரவி, தெருவில் அவனுக்கு டேப்பு என்றே பெயர் வந்தது. வளர்ந்து மீசை வைத்த பிறகும் டேப்புதான்.

படம் வரையும் படிப்பு முடித்து நகர அலுவலகத்தின் சாலைப் பிரிவில் சேர்ந்தான். சொந்தமாக வண்டி வாங்கவே இல்லை, சைக்கிள்தான். கல்யாணப் பேச்சுக்கு என்று அழைத்துப்போன வீட்டில், பெண் உள்ளே இருக்க, இவன் வாசலில் குனிந்து நடைபாதையின் அகலத்தை அளந்துகொண்டிருந்தான். பெண்ணின் அப்பா என்னிடம் வந்து, மாப்பிள்ளை வீட்டையா அளக்கிறார் என்று கேட்டார். அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. அடுத்து இரண்டு இடம் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

நகரம் முழுவதும் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பாதைகள் போட வேண்டும் என்று முடிவானபோது அந்தப் படத்தை வரையும் வேலை அவனுக்கு வந்தது. இரண்டு வருடம் விடுமுறை நாள் ஒன்றுகூடத் தவறாமல் தெருத் தெருவாக நடந்தான். நடைபாதையின் நடுவில் நட்டிருந்த விளக்குக் கம்பங்கள் மட்டும் அறுபத்துமூன்று. கம்பத்தைச் சுற்றி நடைபாதை போட்டார்களா, நடைபாதையைத் தேடிப் போய்க் கம்பம் நட்டார்களா என்று சொல்லிச் சிரிப்பான். வீட்டுச் சுவரில் பெரிய வரைபடத்தை மாட்டி, என் நூல் கண்டுகளிலிருந்து சைக்கிளுக்குச் சிவப்பு, நடப்பதற்கு நீலம் என்று எடுத்து, குண்டூசி குத்திக் கட்டினான். பத்தொன்பது சிவப்பு நூல்கள். எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் எங்கேயும் இறங்காமல் போய்ச் சேர வேண்டும், அதுதான் அவன் கணக்கு. தையல் ஒரு இடத்தில் விட்டாலும் முழுக்கப் பிரிந்துவிடும் என்று நான் சொன்னதை அலுவலகக் கூட்டத்தில் அப்படியே சொன்னானாம். அன்று வந்து, "உன் பேரச் சொல்லல அக்கா, திருடிட்டேன்" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

விடக்கூடாத தையல் எங்கள் வீட்டு வாசலில்தான் இருந்தது. ரயில் பாதைக்கு மேலே போகும் பாலம் அது, இருநூற்றுப் பத்து மீட்டர். அதன் மேற்குக் காலடியில், மாடியில் எங்கள் வீடு. தையல் மிஷின் ஜன்னலோரம். பாலத்துக்கு அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரி, இரண்டு பள்ளிகள், அவனுடைய அலுவலகம். பாலத்தில் வண்டிகள் உரசிக்கொண்டு போகும். ஓரத்தில் ஒரு குறுகிய மேடை. சைக்கிளில் வருகிறவர்கள் பாலத்தைக் கண்டதும் இறங்கி, சைக்கிளை அந்த மேடையில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போவார்கள். துணிந்த சிலர்தான் ஓட்டுவார்கள். பத்தொன்பது சிவப்பு நூல்களில் ஏழு இந்தப் பாலத்தின் மேல் போயின.

பாலத்தின் பக்கவாட்டில் தனிப்பாதை அமைக்க வேண்டுமானால் காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை நூற்றைம்பது சைக்கிளாவது போக வேண்டும் என்று மேலே இருந்து சொல்லிவிட்டார்கள். எண்ண ஆள் போதவில்லை. நான் எண்ணுகிறேன் என்றேன். அவன் தயங்கினான், அலுவலக ஆள்தான் எண்ண வேண்டும், அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். நாள் முழுக்க அந்த ஜன்னலில்தானே உட்கார்ந்திருக்கிறேன், என்னைவிட யாருக்கு அந்தப் பாலம் தெரியும் என்று கேட்டேன். கையெழுத்தை அவன் போடுவதென்று முடிவானது.

மூன்று நாள் மிஷினைத் தொடவில்லை. ஒரு டப்பாவில் வெள்ளைப் பொத்தான், இன்னொன்றில் கறுப்புப் பொத்தான். நடந்து போகிறவருக்கு வெள்ளை, சைக்கிள் ஓட்டிப் போகிறவருக்குக் கறுப்பு. ஒவ்வொன்றாக எடுத்துக் காலி டப்பாவில் போட்டு, மணிக்கொரு தடவை எண்ணி எழுதினேன். பாத்ரூம் போனபோதுகூடப் பக்கத்து வீட்டம்மாவை உட்கார வைத்துவிட்டுத்தான் போனேன். மூன்று நாளும் மாலை ஐந்தே முக்காலுக்கு அவன் வேலை முடிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாலத்தில் வந்தான். உள்ளே வந்ததும், உனக்கும் ஒரு பொத்தான் போட்டுவிட்டேன் என்றேன். போடு போடு என்று சிரித்தான். எந்த நிறம் என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சைக்கிள் ஐம்பத்தெட்டு, அறுபத்தொன்று, ஐம்பத்துநான்கு.

கூட்டத்தில் மூத்த இன்ஜினியர் தாளைப் பார்த்துவிட்டு, "அம்பத்தெட்டு பேருக்கு எதுக்கய்யா தனிப்பாதை? நாமளே ஆளுக்கு ஒருத்தர முதுகுல தூக்கிட்டுப் போய் அந்தப் பக்கம் விட்டுரலாம்" என்றாராம். எல்லோரும் சிரித்தார்களாம். பாலம் திட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. அடுத்த முறை எண்ணுவது நான்கு வருடம் கழித்து.

அன்று வந்து சாப்பிடாமல் ஜன்னலோரம் நின்று பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு திரும்பாமலே கேட்டான்: "அக்கா, தள்ளிட்டுப் போறவங்கள எதுல போட்ட?"

"நடக்குறதுலதான். அவங்க ஓட்டலையே."

"சரிதான். நீ போட்டது சரிதான்" என்றான்.

நான் நம்பினேன். ஒரு மாதம் கழித்து, வேறு வேலை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றான். சாலைகளில் அறிவிப்புப் பலகை நடுகிற வேலையாம், வெளியே சுற்றுவது தனக்குப் பிடித்ததுதானாம். அதையும் நம்பினேன்.

ஒன்றரை வருடம் ஆனது. அவன் வரைந்த பாதைகள் ஒவ்வொன்றாக வந்தன. சிவப்புப் பூச்சு அடித்த சைக்கிள் பாதை எங்கள் தெரு வழியாக வந்து என் ஜன்னலுக்கு நேர் கீழே நின்றது. ஒரு காலையில் அவன் இரண்டு ஆட்களோடு வந்து குழி தோண்டிக் கம்பம் நட்டான். மாடியிலிருந்து டீ போடட்டுமா என்று கேட்டேன். அவன் நிமிரவில்லை. பலகையைச் சுற்றியிருந்த தாளை ஆட்கள் கிழித்த பிறகு நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'சைக்கிள் பாதை முடிகிறது. இறங்கித் தள்ளிச் செல்லவும்.'

வந்தவர்கள் எல்லோரும் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். எப்போதும் போனதுபோலத்தான். ஆனால் அந்தப் பலகை சைக்கிள்காரர்களுக்கு வைத்தது. அதைப் படித்து இறங்குகிறவர் சைக்கிள்காரர் இல்லாமல் வேறு யார்? என் கையிலிருந்த துணி அப்படியே இருந்தது. அன்று ஒரு தையல்கூடப் போடவில்லை.

மாலை ஐந்தே முக்காலுக்கு அவன் வந்தான்.

"தள்ளிட்டுப் போனவங்க எல்லாரும் கறுப்புப் பொத்தானாடா?"

"பசிக்குது, சாப்பாடு எடுத்து வை."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"ஃபார்ம்ல ரெண்டு பெட்டிதான் இருந்துச்சு. மூணாவது பெட்டி போட்டிருக்க வேண்டியது நான். நீ எண்ணினதுல ஒரு பொத்தான்கூடத் தப்பு இல்ல."

"அப்பவே சொல்லியிருந்தா நானே உங்க ஆஃபீஸுக்கு வந்து சொல்லியிருப்பேன்ல?"

"வந்து? ஏழாங்கிளாஸ் படிச்ச டெய்லரா எண்ணுச்சுன்னு சிரிப்பாங்க. அத நான் நின்னு கேட்டுட்டு இருக்கணுமா?"

அவனோடு வேலை பார்த்த, மூக்குக் கண்ணாடி போட்ட ஒருவர் மீதியைப் பிறகு சொன்னார். கூட்டம் முடிந்த மறுநாளே, மறுபடி எண்ண அனுமதி கேட்டுப் போயிருக்கிறான். முதலில் எண்ணியது யார் என்று கேட்டிருக்கிறார்கள். தான்தான் எண்ணியதாகச் சொல்லியிருக்கிறான். எண்ணத் தெரியாதவனுக்குப் படம் எதற்கு என்று சொல்லித்தான் பலகைப் பிரிவுக்கு அனுப்பினார்களாம். அங்கே இருந்துகொண்டு, எண்ணும் தாளில் மூன்றாவது பெட்டி வேண்டும் என்று பதினொரு கடிதம் எழுதியிருக்கிறான். ஒன்றைக்கூட வீட்டில் வைத்து எழுதவில்லை.

மூன்றாவது வருடம் வயிற்றில் கட்டி என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அதுவரை நான் ஜன்னலிலிருந்து பார்த்த பாலத்தில், அவனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு தினமும் இரண்டு தடவை நடந்தேன். எதிரே யாராவது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தால் கம்பியோடு ஒட்டி நின்று வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டும். ஒரு நாள் டேப்பை எடுத்து மேடையை அளந்தேன். அவனிடம் சொன்னேன், இருபத்திரண்டு அங்குலம் என்று. "நடுவுல இருபத்தொண்ணரை. நீ ஓரத்துல அளந்திருப்ப" என்றான். மறுநாள் நடுவில் அளந்தேன். இருபத்தொன்றரைதான்.

கடைசி வாரத்தில் கண்ணாடிக்காரர் புதுத் தாளைக் கொண்டுவந்து காட்டினார். நடப்போர், சைக்கிள் ஓட்டுவோர், சைக்கிளைத் தள்ளிச் செல்வோர். தம்பி அதை வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தான். பாராட்டுவான் என்று அவர் காத்திருந்தார்.

"மூணாவது பெட்டி சின்னதா இருக்கு. அதுலதான் நிறைய எழுத வேண்டியிருக்கும்."

ஐந்து நாள் கழித்து, காலை ஒன்பது பத்துக்குப் போய்விட்டான். வயது நாற்பத்தொன்று. வேனில் அவனைப் பாலத்தின் வழியாக வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இந்த வருடம் மறுபடி எண்ணினார்கள். அலுவலகத்திலிருந்து ஒருவரை அனுப்பினார்கள். அவரை என் ஜன்னலிலேயே உட்கார வைத்து, நானும் பக்கத்தில் மூன்று டப்பாக்களோடு உட்கார்ந்தேன். மூன்றாவது டப்பாவில் பழுப்புப் பொத்தான். முதல் நாள் ஓட்டியவர்கள் நாற்பத்தொன்பது. தள்ளியவர்கள் அவர் கணக்கில் முந்நூற்றுப் பதினாறு, என் கணக்கில் முந்நூற்றுப் பதினெட்டு. அவர் டீ குடிக்கக் குனிந்தபோது இரண்டு பேர் போனார்கள். சொன்னேன், திருத்திக்கொண்டார். அவர் தாளில் மூன்றாவது பெட்டி அரை அங்குலம் பெரிதாக்கப்பட்டிருந்தது.

பாலத்தில் தனிப்பாதை வரும் என்று போன வாரம் தாளில் எழுதியே கொடுத்துவிட்டார்கள். முடிய இரண்டு வருடம் ஆகுமாம்.

எண்ணிய மூன்று நாளும் மாலை ஐந்தே முக்காலுக்கு என் கை தானாகப் போய் ஒரு பழுப்புப் பொத்தானை எடுத்தது. பாலத்தில் தள்ளிக்கொண்டு வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். அவர்களுக்கு வேறு பொத்தான்களை எடுத்துப் போட்டேன். கையிலிருந்ததைத் திரும்ப அதே டப்பாவில் வைத்துவிட்டேன், கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் அவனே ஒத்துக்கொள்ள மாட்டான்.