உடைவதற்கென்றே ஓர் ஆணி

என் அக்காவின் கணவருக்கு நண்பர்கள் வைத்த பெயர் ‘டபுள்’. எதைச் செய்யச் சொன்னாலும் தேவையைப் போல இரண்டு மடங்கு கனமாகத்தான் செய்வார். வீட்டில் துணி உலர்த்தும் கம்பியில் ஒரு யானையைத் துவைத்துக் காயப் போடலாம். அக்கா ஒருமுறை உட்கார்ந்து காய் நறுக்க ஸ்டூல் கேட்டாள். அவர் செய்து கொடுத்ததை இடம் மாற்ற என்னைக் கூப்பிட வேண்டியிருந்தது.

“ஸ்டூல் கேட்டா தூணக் குடுத்திருக்காரு உங்க மாமா” என்றாள்.

குற்றம் மாமாவுடையது அல்ல, அவர் தொழிலுடையது. அவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டின் கம்பிக்கயிறு உள்ளே நிற்பவர்களைத் தாங்கினால் மட்டும் போதாது. அதைப் போலப் பல மடங்கு தாங்க வேண்டும். பெட்டிக்குள் நிற்பவர்கள் தாங்கள் அந்தரத்தில் தொங்குகிறோம் என்பதையே மறந்து தலை வாரிக்கொள்வதைப் பார்த்தால் அவர் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வரும். அந்த மறதியைக் கொடுத்தது தான்தான் என்ற வெளிச்சம்.

முன்னறையில் அவருடைய இன்னொரு வாழ்க்கை நின்றது. நாலு சக்கர பைக். பாறை, சேறு, மணல் எதுவானாலும் ஏறிவிடும். சின்னக் கார் ஒன்றின் பலம் அதற்கு. கல்யாணக் கட்டில் வந்தபோது அகலம் போதாத வாசல், வண்டி வந்தபோது ஒரே நாளில் அகலமாகிவிட்டது. இதை அக்கா இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றில் வருடத்துக்கு ஒருமுறை இந்த வண்டிகளுக்குப் பந்தயம் நடக்கும். மாமாவின் வண்டிதான் முதலில் பாயும். முதலில் நிற்பதும் அதுதான். முடிவுக் கோட்டை அவர் ஒருமுறைகூடத் தாண்டியதில்லை.

முதல் வருடம் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கை வளைந்தது. மாமா அதன் மேல் இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்தார். அடுத்த வருடம் ஸ்டியரிங்கோடு சக்கரத்தை இணைக்கும் ராடு முறிந்தது. தடித்த ராடு போட்டார். பிறகு ரேடியேட்டரில் சேறு அப்பி இன்ஜின் கொதித்தது. ரேடியேட்டரைத் தூக்கிச் சேறு எட்டாத உயரத்தில் மாட்டினார். பிறகு பின் ஆக்சில் போயிற்று. அவர் ஒன்றைக் கெட்டியாக்க, உடைசல் மூட்டை முடிச்சோடு பக்கத்துப் பாகத்துக்குக் குடிபோனது.

இந்த வருடம் அக்கா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். அவள் தையல்காரி. ஜன்னலோரத்தில் ஒற்றை மெஷினோடு ஒண்டிக்கொண்டு தைக்கிறாள். வேலை குவிகிறது, இன்னொரு மெஷினுக்கு இடமில்லை.

“இந்தத் தடவையும் கயிறு கட்டி இழுத்துட்டு வந்தீங்கன்னா வண்டிய வித்துடணும். அந்த இடத்துல என் மெஷின் வரும். சம்மதமா?”

“சம்மதம்” என்றார் மாமா. சொல்லிவிட்டு வண்டியின் சீட்டை ஒருமுறை தடவிக்கொடுத்தார்.

பின் ஆக்சிலை இரண்டு மடங்கு தடிமனாகச் செய்து மாட்டி, ஒத்திகைக்குக் குவாரிக்குப் போனோம். முதல் பாறையிலேயே கியர்பாக்ஸ் வெடித்தது. வெள்ளைக் கல்லில் எண்ணெய் மெதுவாக ஒரு நீண்ட வாக்கியம் எழுதியது. மாமா அதை வாசித்தபடி நின்றார்.

காலில் விழாத குறையாகக் கெஞ்சி வேறொரு கியர்பாக்ஸ் கொண்டுவந்தார். அதன் உறையை எப்படிக் கெட்டியாக்குவது என்று முன்னறையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த வேளையில், விளையாட்டு வாத்தியார் ஒருவர் இடுப்பில் துண்டைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் நடந்து வந்தார். குனிந்தபோது பேன்ட் விட்டுவிட்டதாம், அதுவும் மொத்தப் பள்ளிக்கூடத்துக்கும் முன்னால்.

அக்கா பேன்ட்டைப் புரட்டிப் பார்த்து மலர்ந்தாள். “நல்லவேளை சார், தையல்தான் விட்டிருக்கு.”

“நூல டபுளா போட்டிருந்தா விட்டிருக்காதுல்ல?” என்றார் மாமா, தொழில் புத்தியில்.

“போட்டிருந்தா துணி கிழிஞ்சிருக்கும். தையல் விட்டா நான் ஒரு நிமிஷத்துல தச்சுக் குடுப்பேன். துணி கிழிஞ்சா உக்காந்து நெய்யவா முடியும்? எங்க விடணும்னு நான்தான் முடிவு பண்றேன், சாரோட இடுப்பு இல்ல.”

வாத்தியார் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் துண்டை இறுக்கிக்கொண்டார். மாமா சிரிக்கவில்லை. அக்காவின் நூல்கண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலையே கியர்பாக்ஸும் பின்சக்கரங்களைச் சுழற்றும் தண்டும் சேரும் இடத்தில் இருந்த முரட்டு போல்ட்டுகளைக் கழற்றினார். அவற்றுக்குப் பதில் மெல்லிரும்பில் ஒரே ஓர் ஆணி. அதிர்ச்சி வந்தால் அது முதலில் அறுபட வேண்டும். மற்றதெல்லாம் பிழைக்க வேண்டும். ஆனால் வாழ்நாள் முழுக்கத் தடிமனாக்கிய கைக்கு மெலியவைக்கத் தெரியவில்லை. முதல் ஆணியைப் பார்த்து அக்கா, “இதுல கப்பலக் கட்டலாமே” என்றாள். அடுத்தது வாசலைத் தாண்டுவதற்குள் அறுந்தது. அராவி அராவி, ஓட்டி ஓட்டிப் பார்த்து, கடைசியில் சுண்டுவிரலைவிட ஒல்லியான ஒன்றில் வந்து நின்றார். அதே அளவில் ஒரு பை நிறையச் செய்துகொண்டார்.

“லிஃப்ட் ஆபீஸ்ல சொல்லிடாதே மாப்ள” என்றார் என்னிடம். “உடையறதுக்குன்னே ஒரு பார்ட் செஞ்சேன்னு தெரிஞ்சா வெளிய தள்ளிடுவானுங்க.”

பந்தயத்தன்று அக்காவும் வந்தாள். வருடா வருடம் மாமாவை இழுத்து வரும் டிராக்டர்காரர் தூரத்திலிருந்தே கை ஆட்டினார்.

“என்ன டபுள், கயித்த இப்பவே கட்டிடவா, அப்புறமா கட்டவா?”

“உன் கயித்துல துணி காயப் போடு, போ” என்றார் மாமா.

நானும் அக்காவும் பெரிய பாறைச் சரிவருகே நின்றோம். வண்டி உறுமிக்கொண்டு ஏறியது. பின்சக்கரம் ஓர் இடுக்கில் சிக்கியது, இன்ஜின் அலறியது, ‘டக்’ என்று ஒரு சத்தம். வண்டி நின்றுவிட்டது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மெஷினுக்கு இடம் கிடைக்கப்போகிறவளின் பிடியாக அது இல்லை. டிராக்டர் கிளம்பும் சத்தம் கேட்டது.

மாமா இறங்கி, குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது பல்லெல்லாம் தெரிந்தது.

“தையல்தான்டி விட்டிருக்கு!” என்று மலை கேட்கக் கத்தினார்.

அறுந்த துண்டைத் தட்டி எறிந்துவிட்டுப் புது ஆணியைச் செருகினார். அதற்குள் மற்ற வண்டிகள் எல்லாம் புழுதியைப் பூசிவிட்டுக் கடந்தன. சேற்றுப் பள்ளத்தில் இன்னொரு ஆணி போயிற்று; இன்னொன்று செருகினார். டிராக்டர்காரர் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வந்தவர், ஒரு கட்டத்தில் தன்னை மறந்து ஹார்ன் அடித்து உற்சாகப்படுத்த ஆரம்பித்தார்.

நானும் அக்காவும் முடிவுக் கோட்டுக்கு ஓடினோம். அங்கே கொடிக்காரர் கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரத்தில் மாமா வந்தார். எல்லோருக்கும் கடைசி. கொடி அவசரமாக மறுபடி விரிந்தது. கோட்டைத் தாண்டியவர் கொஞ்ச தூரம் போய்ப் பிரேக் அடித்தார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். இதுவரை வந்தே இராத இடம்.

“அண்ணே,” என்று கொடிக்காரரிடம் கேட்டார், “இதுக்கப்புறம் எந்தப் பக்கம் போகணும்?”

அவர் பதில் சொல்வதற்குள் அக்கா ஓடிப்போய்ப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

“எந்தப் பக்கமாவது போங்க. மெஷின எங்க வைக்கலாம்னு போயிட்டே பேசலாம்.”